குழலும் காலடியும்

பாட்டு கடல் கடப்பது எளிது. ஆட்டம் கடப்பது அரிது. பாட்டுக்குக் காது இருந்தால் போதும். கேட்டவன் முணுமுணுத்துக்கொண்டே கப்பலேறிவிட்டால் மெட்டும் அவனோடு மறுகரையில் இறங்கிவிடும். ஆட்டமோ ஆடுகிறவனுடைய கால்களோடுதான் போயாக வேண்டும். ஸ்காத்லாந்து தேசத்தின் குழலிசையையும், அதற்கேற்பத் தரையில் தட்டி ஆடும் அடியாட்டத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் பிறந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வடகடல் ஓரத்திலுள்ள அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அது சென்னைக் கோட்டையில் தொடங்குகிறது.

1780-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்லவுடு என்பவரின் பெயரால் வழங்கிய ஸ்காத்லாந்து மலைநாட்டுப் படை சென்னைத் துறையில் வந்து இறங்கியது. மலைநாடு என்று நாம் சேரநாட்டைச் சொல்வது வழக்கம். அவர்களுக்கும் அப்படி ஒரு மலைநாடு உண்டு, அதை ஹைலாந்து என்பார்கள். அவ்வாண்டு செப்டம்பரிலேயே காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் சேனை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது, இம்மலைநாட்டு வீரர்களிற் சிலரும் அதில் அகப்பட்டுச் சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போனார்கள். அதே 1780-ல்தான் கிளாஸ்கோ நகரத்து இளைஞர் ஒருவர் சாதாரணப் படைப் பயிற்சியாளராகச் சென்னை வந்தார். அவரே பிற்காலத்தில் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ. நம் நாட்டுச் சுவடிகளையெல்லாம் திரட்டிவைத்த காலின் மெக்கன்சி, லூயிஸ் என்னும் ஸ்காத்லாந்துத் தீவில் பிறந்தவர். எங்கள் திருவிதாங்கூரிலும் அவர்களே: வேலுத்தம்பி தளவாய் எதிர்த்து நின்ற ரெசிடெண்டு மெக்காலே ஸ்காத்லாந்துக்காரர், அவருக்குப் பின் ரெசிடெண்டாக வந்து சில ஆண்டுகள் திவான் வேலையையும் பார்த்த ஜான் மன்றோவும் ஸ்காத்லாந்துக்காரர். இத்தனை பேர் வந்தபின் அவர்கள் ஊர்ப் பாட்டு மட்டும் வராமல் இருக்குமா?

படையோடு பாண்டு வாத்தியம் வந்தது. அக்காலத்துப் பாண்டு வாத்தியக்காரர் போர்நடைப் பாட்டை மட்டும் வாசித்தவர் அல்லர். துரைமாரின் விருந்துகளிலும் நடன இரவுகளிலும் ஆட்டத்துக்கான மெட்டுக்களை வாசித்தவர்களும் அவர்களே. அவற்றில் ஐரிஷ் மெட்டும் உண்டு, பிரெஞ்சு மெட்டும் உண்டு, ஸ்காத்லாந்து மெட்டும் உண்டு.

அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே மணலியில் ஒரு சங்கீதக் குடும்பம் வாழ்ந்துவந்தது. திருவாரூரிலிருந்து வந்த இராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்து வைத்திருந்தார். அவருக்குப் பின் மகனார் சின்னையா முதலியாரும் அவ்வாறே ஆதரித்தார். கும்பினியாரோடு பழக்கமுள்ள குடும்பம் ஆகையால், கோட்டையில் பாண்டு வாசிக்கும்போது தீட்சிதரின் பிள்ளைகளும் போய்க் கேட்டார்கள். மூத்தவர் முத்துசுவாமி, 1775-ல் பிறந்தவர். இளையவர் பாலுசுவாமி, 1786-ல் பிறந்தவர். இளையவர் பிடிலைக் கையில் எடுத்தார். கர்நாடக சங்கீதத்தில் இன்று பிடில் இல்லாத கச்சேரி ஏது? மூத்தவரோ தாம் கேட்ட மெட்டுக்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுஸ்வரங்கள் எனப்படும். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் உள்ளன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற உருப்படியைப் பாடச் சொல்லிக் கேட்டால், பழைய இராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டு அப்படியே வரும். ‘சக்தி ஸஹித கணபதிம்’ ஒரு பிரெஞ்சு நடன மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ அயர்லாந்தில் மாலோ என்னும் ஊரின் பெயரால் வழங்கும் துள்ளல் மெட்டு. ‘வரசிவ பாலம்’ என்பதுதான் இன்றைய பேச்சுக்கு உரியது. அது மக்டானல்டு பிரபுவின் ரீல் என்று ஸ்காத்லாந்தில் பெயர் பெற்ற ஆட்ட மெட்டு. ரீல் என்பது ஆட்டத்தின் பெயர். அந்த ஆட்டத்துக்குரிய மெட்டுக்கும் அதுவே பெயர். நம் கணக்கில் சொன்னால் விரைவான சதுசிர நடை. மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதியையும் திருப்பித் திருப்பி வாசிப்பார்கள், ஆடுகிறவர் களைத்து நிற்கும்வரை. ஜிக் என்பது திசிர நடையைப் போன்றது. ஸ்திராத்ஸ்பே என்றொரு வகை உண்டு. ரீலைவிட நிதானமானது, ஒரு ஸ்வரத்தைச் சுருக்கி அடுத்ததை நீட்டி வெட்டி வெட்டி நடப்பது. ஸ்பே என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் பிறந்ததால் அந்தப் பெயர்.

வீட்டுக் கூடத்தில் கால்கள் தட்டுவதற்காகப் பிறந்த மெட்டு, முத்துசுவாமி தீட்சிதர் கையில் சிவகுமாரனைத் துதிக்கும் பாட்டாயிற்று. இரவல் என்று இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதம் இல்லை. ஆழ்ந்த கமகமும் விளம்ப காலமும் தம் முத்திரையாகக் கொண்ட ஒரு மகாவித்துவான், கமகமே இல்லாத நேர் ஸ்வரங்களைக் கேட்டு முகம் சுளிக்காமல், ‘இதுவும் ஓர் அழகு’ என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய மனத்துக்குத்தான் அது வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டையிலிருந்து மெட்டு வந்தது, ஆட்டம் வரவில்லை. காலடி எங்கே விழும், குதி எங்கே தட்டும், நுனிக்கால் எங்கே சுழலும் என்பது மணலிக்கு வந்து சேரவில்லை. வர வழியும் இல்லை.

இந்த நோட்டுஸ்வரங்கள் அழியாமல் இருந்ததற்குக் காரணம் ஏட்டிலும் அச்சிலும் ஏறியதே. 1893-ல் சென்னையில் சின்னசாமி முதலியார் நம் உருப்படிகளை மேல்நாட்டு ஸ்வரக் குறியீட்டில் அச்சிடத் தொடங்கினார். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர், அந்தக் குடும்பத்துச் செல்வத்தையெல்லாம் திரட்டி ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் தீபாவளியன்று உயிர் நீத்ததும் அதே எட்டயபுரத்தில்தான்.

தீட்சிதரின் சீடர்களுள் தஞ்சைச் சகோதரர் நால்வர் பிரசித்தமானவர்கள்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய நாட்டியக் கச்சேரி முறையை வகுத்தவர்கள் இவர்களே. அடவுகளை ஒழுங்குபடுத்திச் சொல்லிக்கொடுக்கும் முறையும் இவர்கள் குடும்பத்தில் வளர்ந்தது. கடைக்குட்டி வடிவேலு பிடிலில் கைதேர்ந்தவர். அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து ஆஸ்தான வித்துவானாக வைத்துக்கொண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, 1834-ல் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். தேங்காய்ப்பட்டணம் அன்று அந்த மகாராஜாவின் நாட்டில் இருந்தது; 1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்தே இருந்தது. ஆகையால் தீட்சிதர் வழிச் சங்கீதமும் தஞ்சை அடவும் எங்கள் ஊருக்கு ஒருநாள் நடைதூரத்தில் வந்து தங்கியிருந்தன என்று சொல்வது மிகையாகாது.

இனி ஸ்காத்லாந்துக்குப் போவோம். அங்கே வழங்கும் பழைய குழல் மரத்தால் ஆனது. ஆறு விரல் துளைகள். பிற்காலத்தில் உலோகச் சாவிகள் சேர்ந்தன. நம்முடைய குழல் மூங்கில். விரல் துளைகள் எட்டு. இரண்டும் குறுக்கே பிடித்து வாசிப்பவை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஆஸ்வால்டு என்பவர் தம் நாட்டு மெட்டுக்களைக் குழலுக்கும் பிடிலுக்கும் ஏற்பச் சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகங்களாக வெளியிட்டார். இங்கும் மெட்டு எளிதாகப் புத்தகம் ஏறிவிட்டதைப் பாருங்கள்.

காலடி ஆட்டத்தின் கதை வேறு. உடம்பின் மேற்பகுதி அசையாமல், பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல், கெட்டியான அடித்தோல் வைத்த செருப்பினால் மெட்டின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் பலகைத் தரையில் தட்டிக் காட்டுவது அது. பார்ப்பதற்கு மட்டும் அன்று, கேட்பதற்கும் உரிய ஆட்டம். 1746-ல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், அவர்களுடைய உடையையும் ஆயுதத்தையும் அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுத்தது. துருத்தி வாத்தியத்தையும் அச்சட்டம் தடுத்தது என்று பலர் எழுதுவார்கள்; சட்டத்தின் வாசகத்தில் வாத்தியம் எதன் பெயரும் இல்லை. உண்மையான கேடு பின்னர் வந்தது. ஆடு மேய்த்தால் லாபம் அதிகம் என்று கண்ட நிலப்பிரபுக்கள், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த உழவர்களை ஊர் ஊராக வெளியேற்றினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தொன்பதின் நடுவரை இது நடந்தது. வெளியேறியவர்களில் ஆயிரக்கணக்கானோர் கனடா தேசத்தின் கிழக்கு ஓரத்தில் கேப் பிரெட்டன் என்னும் தீவில் போய்க் குடியேறினார்கள். மரம் வெட்டிக் குடிசை போட்டார்கள்; குளிர்கால இரவுகளில் அடுப்பங்கரையில் கூடிப் பிடில் வாசித்தார்கள், ஆடினார்கள்.

தாய்நாட்டில் மிஞ்சியவர்களிடையே ஆட்டம் மெல்ல மங்கியது. ஆட்டமும் வாத்தியமும் ஆன்மாவுக்குக் கேடு என்று கண்டிப்பான போதகர் சிலர் கடிந்தார்கள். போட்டி மேடைகளிலும் படைப்பிரிவுகளிலும் பளபளப்பான வேறொரு வகை ஆட்டம் வளர்ந்தது. வீட்டுக்கூடத்துக் காலடி ஆட்டத்தை மறந்தே போனார்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஸ்காத்லாந்துக்காரர் சிலர் கேப் பிரெட்டனுக்குப் போய்ப் பார்த்து, ‘நம் பாட்டன்மார் ஆடியது இங்கே இருக்கிறதே!’ என்று வியந்தார்கள். அங்கிருந்து ஆசிரியர்களை அழைத்து வந்தார்கள். 1996-ல் தெற்கு யூயிஸ்டு என்னும் தீவில் தொடங்கிய கோடைப் பள்ளியில் கேலிக் பாட்டு, துருத்தி, பிடில் இவற்றோடு காலடி ஆட்டமும் ஒரு பாடமாயிற்று. இக்காலத்தில் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் ஒதுக்கி, குழல் வாசிப்பவரும் ஆடப் பழகுபவரும் ஒரே கூரையின் கீழ்க் கூடிக் கற்பது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. குழல்காரர் ஆடுகிறவரின் பாதத்தைப் பார்த்து மூச்சை அளக்க வேண்டும். ஆடுகிறவர் குழலின் மூச்சைக் கேட்டுப் பாதத்தை வைக்க வேண்டும். தனித்தனியே கற்றால் இது வராது. உபாத்தியாயர் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்தக் கூட்டுப் பாடமுறையை நான் மிகவும் மெச்சுகிறேன்.

இன்னொரு செய்தி நமக்கு இனிக்கும். வாத்தியக்காரன் கிடைக்காத வீட்டில், அவர்கள் வாயாலேயே மெட்டைச் சொல்லி ஆடவைப்பார்கள். அந்தப் பாட்டின் சொற்களுக்குப் பொருள் முக்கியம் அன்று. நாக்கு தாளத்தில் புரள்வதே முக்கியம். துருத்தி வாத்தியத்தைக் கற்பிப்பவர்களும் ஒவ்வொரு விரற்பிடிக்கும் ஓர் அசையை வைத்து, பாடத்தை முழுவதும் வாயாலேயே சொல்லிக் கொடுப்பார்கள். நட்டுவனார் கட்டையைத் தட்டிச் சொற்கட்டுச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இராது. எழுதாமல் காப்பாற்ற வேண்டியதை எல்லாம் மனிதர் எங்கும் நாக்கில்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

குழலும் ஆட்டமும் ஓரிடத்தில் சேர்வது நமக்குப் புதிதன்று. சேரநாட்டு இளங்கோவடிகள் மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும்போது, ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் வரிசையில் குழலாசிரியனுக்கும் இலக்கணம் சொல்கிறார். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் குழலுக்கு இருபது விரல் நீளமும் நாலரை விரல் சுற்றளவும் விதித்து, மூங்கில் முதலாக ஐந்து பொருள்களையும் குறிக்கிறார். ஆய்ச்சியர் குரவையில் மகளிர் எழுவர் கைகோத்து வட்டமாக நின்று ஆடுவதும், கண்ணனின் குழலை நினைந்து பாடுவதும் தமிழ் படித்தவர் அறிந்தவை. பிற்காலத்தில் குழல் ஆட்டத்திலிருந்து ஒதுங்கித் தனிக் கச்சேரி வாத்தியமாக எழுந்தது. அதற்குக் காரணர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள், கண்ணொளி இல்லாதவர், 1872-ல் பிறந்து 32 ஆண்டுகளே வாழ்ந்தவர். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ். பின்னர் மாலி என்னும் மகாலிங்கம். எனினும் குழல் ஆட்டத்தை அடியோடு விட்டுவிடவில்லை. வீணை தனம்மாளின் பேரர் விசுவநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்றுத் தம் தமக்கை பாலசரசுவதியின் ஆட்டத்துக்கு வாசித்தார். பிறகு அமெரிக்கா சென்று பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து 2002-ல் மறைந்தார்.

பாலசரசுவதிக்கு நாட்டியம் கற்பித்த கந்தப்பப் பிள்ளை, தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் அவர் அரங்கேறினார். ஸ்காத்லாந்தில் போதகரின் கண்டனத்தால் ஆட்டம் மங்கியதென்றால், இங்கே சீர்திருத்த வேகத்தில் அந்தப் பரம்பரைக் குடும்பங்களின்மேலேயே பழி விழுந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. சட்டம் நியாயமானதே. ஆனால் கொடுமையை ஒழித்த கை, கலையை வைத்திருந்த கைகளையும் சேர்த்துத் தட்டிவிட்டது. அவருக்கு மேடைகள் குறைந்த காலமும் இருந்தது. 1963-ல் ஸ்காத்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவில் நடந்த கலைவிழாவுக்கு இந்தியாவிலிருந்து ரவிசங்கர், அலி அக்பர் கான், எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோரோடு பாலசரசுவதியும் போனார். கோட்டையில் ஸ்காத்லாந்து ரீலைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர். அவர் சீடராகிய தஞ்சை நால்வர். அவர் குலத்துக் கந்தப்பப் பிள்ளை. அவர் மாணவி பாலசரசுவதி. நம் அடவு அந்த மண்ணில் போய் ஒலித்தது. மெட்டு வந்தபோது துரைமார் ஆட்டத்தைக் கொண்டுவந்து நமக்குத் தரவில்லை. நம் ஆட்டமோ ஆடுகிறவரின் காலோடேயே அங்கே போயிற்று.

நம்மவர் காலோடு கடல் கடந்த வேறு ஆட்டங்களும் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன தமிழர் தெருக்கூத்தைக் கொண்டுபோனார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுகிறது. அந்த மலையகத்தில் தேயிலைப் பயிரை 1867-ல் தோட்ட அளவில் தொடங்கியவர் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். துரைமார் தம் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டினார்கள். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் ஸ்திராத்ஸ்பே. முன்பு சொன்னேனே, அந்த வெட்டு நடை மெட்டின் பெயர்தான். அந்தப் பெயர் அவர்கள் நாட்டில் ஓர் ஆட்டத்தைக் குறிக்கும் என்று, கொழுந்துக் கூடை சுமந்த நம் சகோதரிகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எங்கள் பக்கத்து ஆட்டத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு கல்குளம் வட்டாரங்களில், களியல் என்னும் ஆட்டம் உண்டு. இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆடவர் விளக்கைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். கையில் குறுங்கம்புகள். ஆசான் தாளம் தட்டிப் பாட, எதிர்நிற்பவன் கம்போடு கம்பு தட்டி, குனிந்தும் திரும்பியும் இடம் மாறியும் ஆடுவார்கள். காலம் ஏற ஏறக் கம்பு கண்ணுக்குத் தெரியாது, ஓசை மட்டும் கேட்கும். கால்வைப்பில் களரிப் பயிற்சியின் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்துக்கள் இராம கதை பாடி ஆடுவார்கள். கிறிஸ்தவர்கள் வேதக் கதை பாடி ஆடுவார்கள். வடக்கே மலபாரில் மாப்பிள்ளைமாரிடம் இதற்கு உறவான கோல்களி இருக்கிறது. பாட்டு மாறும், சாமி மாறும், அடவு ஒன்றுதான்.

களியல் பாட்டுக்களைச் சேகரித்து அச்சிட்டவர்கள் உண்டு. அது நல்ல காரியம். அடவுகளுக்கு அப்படி ஏடு இல்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருந்த முதிய ஆசான் ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். அடவுகளின் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். “சாரே, பேரு கிடக்கட்டும். ஆளு எட்டுப் பேரைக் கொண்டாங்க” என்றார். எட்டுப் பேர் அன்று கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இருவரை எழுப்பி நிறுத்தி, தாமும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, மூன்று பேருக்கு ஏற்றபடி வட்டத்தைச் சுருக்கி ஆடிக் காட்டினார். பையன்களில் மூத்தவன் மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டான். இளையவன் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கம்பைப் பாக்காதே, என் காலைப் பாரு” என்று ஆசான் அதட்டினார்.